பருவமும் வலிமையும்: முதியோர்க்கான குறுங்கால இறப்பு முன்கணிப்பின் வரலாறும் கோவைச் சூழலும்

ஆய்வுச் சுருக்கம்

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் முதியவர் அடுத்த சில நாள்களில் அல்லது வாரங்களில் இறக்கும் வாய்ப்பை மதிப்பிடுவதற்கு இன்று பல மதிப்பெண் முறைகள் வழங்குகின்றன. இம்முறைகளில் நோயாளியின் வயது எவ்வாறு இடம்பெற்றது, பின்னர் அவ்விடத்தை உடல் வலிமை எவ்வாறு பங்கிட்டுக்கொண்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. திருக்குறள் உரை மரபும் சித்த மருத்துவக் குறிநூல்களும் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றன. கோயம்புத்தூரில் உருவான கங்கா மருத்துவமனை மதிப்பெண் முறை இடைப்பொருளாக அமைகிறது. அயல்நாட்டு அளவைகள் கொங்குப் பகுதி முதியவர்க்குப் பொருந்துமிடங்களும் பொருந்தாவிடங்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: முன்கணிப்பு, முதியோர் மருத்துவம், நெய்க்குறி, நலிவு அளவை, கங்கா மருத்துவமனை, கொங்கு நாடு.

முன்னுரை

கோயம்புத்தூரின் ஆர்.எஸ்.புரம், நகராட்சித் தலைவராக விளங்கிய சி.எஸ். இரத்தினசபாபதி முதலியாரின் பெயரால் அமைந்த குடியிருப்பு. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் கோவையைத் திரும்பத் திரும்பத் தாக்கியது. நெருக்கமான பழைய தெருக்களுக்கு மாற்றாக அகன்ற சாலைகளும் காற்றோட்டமான மனைகளும் கொண்ட புதிய பகுதிகள் தேவைப்பட்ட காலம் அது. அன்று இளங்குடும்பங்களுக்காக எழுந்த வீடுகள் பலவற்றில் இன்று முதியவர்கள் தனித்தோ இணையராகவோ வாழ்கின்றனர். பிள்ளைகள் பெங்களூரிலும் கடல் கடந்தும் இருக்கின்றனர்.

இது ஒரு தெருவின் செய்தி மட்டுமன்று. தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோர் 2011இல் 10.4 விழுக்காடாக இருந்தனர். 2021இல் 13.6 விழுக்காடாகவும் 2031இல் 18.2 விழுக்காடாகவும் இருப்பர் என்பது நடுவண் அரசின் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட மதிப்பீடு. இம்மாற்றத்தை முதலில் உணரும் இடங்களுள் ஒன்று மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு. அங்கே ஒரு முதியவர் கொண்டுவரப்பட்டதும் எழும் வினா மிகப் பழையது: இவர் பிழைப்பாரா? அவ்வினாவுக்கான விடையைப் பொறுத்தே தீவிர சிகிச்சைப் படுக்கை, செயற்கைச் சுவாசக் கருவி, வீட்டுக்கு அழைத்துச் செல்லுமாறு கூறப்படும் அறிவுரை ஆகியவை முடிவாகின்றன. ஆகவே விடை எவ்வாறு பெறப்படுகிறது என்பதை வரலாற்று முறையில் நோக்குவது தேவையாகிறது.

உற்றான் அளவு

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து', மருத்துவன் செயற்படுமுன் கருத வேண்டியவை மூன்று என்கிறது. நோயுற்றவனின் அளவு, நோயின் அளவு, காலம் என்பன அவை. இதற்கு உரை வகுத்த பரிமேலழகர், நோயுற்றவனின் அளவைப் பகுதி, பருவம், வேதனை, வலிமை என நான்காகப் பிரிக்கிறார். நோயின் அளவைக் கூறுமிடத்துச் சாத்தியம், அசாத்தியம், யாப்பியம் என்னும் வகைப்பாட்டைத் தருகிறார்.

இவ்வுரையில் இரண்டு செய்திகள் கருதத்தக்கவை. முதலாவது, பருவமும் வலிமையும் தனித்தனியே எண்ணப்பட்டிருப்பது. வயது மிகுந்தவன் வலிமை குன்றியவனாகத்தான் இருப்பான் என்று உரையாசிரியர் கொள்ளவில்லை. இரண்டாவது, யாப்பியம் என்னும் மூன்றாம் வகை. தீர்க்க இயலாத நோயாயினும் மருந்து தொடரும் வரை அடங்கியிருப்பதை இச்சொல் குறிக்கும். முதியோர் நோய்களில் பெரும்பகுதி இவ்வகையினவே. இதயத் தளர்ச்சி, நீரிழிவு, நாட்பட்ட சிறுநீரக நோய் ஆகியவற்றைச் சாத்தியம் என்றும் சொல்ல முடியாது. அசாத்தியம் என்றும் தள்ள முடியாது. இன்றைய மதிப்பெண் முறைகள் 'முப்பது நாளில் இறந்தார்' அல்லது 'இறக்கவில்லை' என்னும் ஈரிலக்க விடையையே தேடுகின்றன. உரையாசிரியர் அறிந்திருந்த மூன்றாம் வகைக்கு அவற்றில் இடமில்லை.

நெய்த்துளி சொன்ன செய்தி

சித்த மருத்துவம் நோயறியும் வழிகளை எண்வகைத் தேர்வாகத் தொகுத்தது. நாடி, தொடுவுணர்வு, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. இவற்றுள் மூத்திரத் தேர்வு இரு நிலைகளைக் கொண்டது. நீரின் நிறம், மணம், நுரை, எடை முதலியவற்றைக் காண்பது நீர்க்குறி. அந்நீரின்மேல் நல்லெண்ணெய்த் துளியொன்றை விட்டு, அது பரவும் வடிவைக் காண்பது நெய்க்குறி. இக்கலை தேரையர் பெயரில் வழங்கும் நூல்களில் விரிவாகப் பேசப்படுகிறது. துளி பாம்புபோல் நீண்டால் வாதம். வளையம்போல் விரிந்தால் பித்தம். முத்துப்போல் நின்றால் கபம். துளி மெல்லப் பரவுவது நலம் தருவதாகவும், நீரோடு கலப்பதும் அமிழ்வதும் கேடு காட்டுவனவாகவும் கொள்ளப்பட்டன.

நோயின் பெயரைக் கண்டறிவதும் அதன் முடிவைக் கண்டறிவதும் இங்கு ஒரே செயலின் இரு பக்கங்களாக இருந்தன. இன்றைய மருத்துவத்தில் இவை பிரிந்துவிட்டன. அவசர சிகிச்சைப் பிரிவில் நோயின் பெயர் தெரியும் முன்பே இடர் மதிப்பெண் கணிக்கப்பட்டுவிடுகிறது.

வயதைப் பற்றிய கருத்திலும் சித்த மருத்துவம் தனித்து நிற்கிறது. நூறாண்டு வாழ்வை மூன்றாகப் பகுத்து, முதற்பகுதியை வாதத்துக்கும் நடுப்பகுதியைப் பித்தத்துக்கும் இறுதிப் பகுதியைக் கபத்துக்கும் உரியதாக்கியது. ஆயுர்வேதம் இதற்கு மாறாகக் குழந்தைமையைக் கபத்துக்கும் முதுமையை வாதத்துக்கும் அளித்தது. இரு மரபிலும் முதுமை என்பது உடலின் இயல்பு மாறும் பருவம். ஓராண்டு கூடினால் ஒரு மதிப்பெண் கூடும் என்ற கணக்கு இரண்டிலும் இல்லை.

இம்முன்னறிவு யாருக்குப் பயன்பட்டது என்ற வினாவும் உண்டு. சரக சம்கிதையில் இறப்பின் அறிகுறிகளுக்கென்றே 'இந்திரிய ஸ்தானம்' என்னும் பகுதி பன்னிரண்டு இயல்களில் அமைந்துள்ளது. தீராத நோயை ஏற்கும் மருத்துவன் பொருளையும் புகழையும் இழப்பான் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது. கிரேக்க மரபில் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் முன்கணிப்பு நூலும், முன்கூட்டியே கூறவல்ல மருத்துவன் மக்களின் நம்பிக்கையைப் பெறுவான், பழியினின்று தப்புவான் என்னும் கருத்தோடுதான் தொடங்குகிறது. ஆக, பழைய முன்கணிப்பு பெரிதும் மருத்துவனைக் காத்தது. நோயாளியின் குடும்பத்துக்கும் அதனால் ஒரு பயன் இருந்தது: தொலைவிலுள்ள உறவினர்க்குச் சொல்லியனுப்ப நேரம் கிடைத்தது.

எண்கள் வந்த வழி

கிளாஸ்கோ நகரில் டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974இல் வெளியிட்ட நினைவிழப்பு அளவை, கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றை மட்டும் பார்த்து 3 முதல் 15 வரை எண் தந்தது. அதில் வயது இல்லை. தீவிர சிகிச்சைக்கென வில்லியம் நாஸ் குழுவினர் 1981இல் உருவாக்கி, 1985இல் சுருக்கித் திருத்திய 'அபாச்சி-2' அளவையில் வயது முறைப்படி நுழைந்தது. மொத்தம் 71 மதிப்பெண். 44 வயது வரை சுழி; 65 முதல் 74 வரை ஐந்து; 75ஐக் கடந்தால் ஆறு. பதின்மூன்று மருத்துவமனைகளின் 5,815 சேர்க்கைகளைக் கொண்டு அது சரிபார்க்கப்பட்டது.

அந்த அளவையின் நோக்கம் நோயாளர் குழுக்களின் நோய்க்கடுமையை வகைப்படுத்தி ஒப்பிடுவது. ஒரு மருத்துவமனையின் இறப்பு விகிதம் எதிர்பார்ப்பைவிட மிகுதியா குறைவா என்று காண அது உதவும். ஒரு குறிப்பிட்ட படுக்கையில் உள்ள ஒருவர் இறப்பாரா என்ற வினாவுக்காக அது ஆக்கப்படவில்லை. நூறு பேரில் நாற்பது பேர் இறப்பர் என்று கூறும் எண், அந்த நாற்பதின்மர் யாவர் என்று கூறாது. ஆயினும் எண் கைக்கு வந்தபின் அது படுக்கையருகே செல்வதைத் தடுப்பது எளிதாக இருந்ததில்லை. இத்துறையின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்துள்ளது.

பிரித்தானிய அரச மருத்துவர் கல்லூரி 2012இல் வெளியிட்டு 2017இல் திருத்திய 'நியூஸ்' எனும் முன்னெச்சரிக்கை அளவை, வயதை மீண்டும் வெளியேற்றியது. மூச்சு வேகம், உயிர்வளிச் செறிவு, உயிர்வளி தரப்படுகிறதா என்பது, மேல் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, நினைவு நிலை, உடல் வெப்பம் ஆகிய ஏழே அதற்குப் போதும். செவிலியர் எவரும் சில நிமிடங்களில் கணிக்கலாம் என்பதால் உலகெங்கும் பரவியது. ஆனால் முதியவரிடம் இதற்கு ஒரு குறை உண்டு. மேல் இரத்த அழுத்தம் 111 முதல் 219 வரை இருந்தால் அவ்வளவை சுழி மதிப்பெண் தருகிறது. வழக்கமாக 160 அழுத்தத்தோடு வாழ்பவர் குருதியிழப்பால் 112க்கு இறங்கி வந்தாலும் சுழியே. இதய நோய்க்கு நாடியை அடக்கும் மாத்திரை உண்பவர்க்கு அதிர்ச்சி நிலையிலும் துடிப்பு ஏறாமல் இருக்கலாம். நுரையீரல் அழற்சி முற்றிய முதியவர்க்குக் காய்ச்சலே இல்லாமல் போவதுண்டு. இளையவர்க்கு எச்சரிக்கை மணியாக அமையும் குறிகள் முதியவரிடம் அமைதியாகிவிடுகின்றன. விபத்துக் களத்தில் வகைப்படுத்துவதற்கான அமெரிக்க வழிகாட்டி 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தில், 65 வயதைக் கடந்தோர்க்கு 110க்குக் கீழுள்ள அழுத்தமே அதிர்ச்சியைக் காட்டலாம் என்று குறித்தது இதனால்தான்.

மேட்டுப்பாளையம் சாலையில் ஓர் அளவை

ஆர்.எஸ்.புரத்தை ஒட்டிச் செல்லும் மேட்டுப்பாளையம் சாலையில் உள்ள கங்கா மருத்துவமனை 1978இல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதனாலும் கனகவல்லி சண்முகநாதனாலும் தொடங்கப்பெற்றது. (சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் மருத்துவர் வி.எஸ். நடராசன் முதியோர்க்கெனப் புறநோயாளர் பிரிவைத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.) விசைத்தறி, பஞ்சாலை, வார்ப்பாலை, நெடுஞ்சாலை எனக் காயங்களுக்குக் குறைவில்லாத பகுதியில் இம்மருத்துவமனை எலும்பு முறிவு அறுவையிலும் ஒட்டறுவையிலும் பெயர் பெற்றது. இங்கிருந்து எஸ். ராஜசேகரன் குழுவினர் 2006இல் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழில் வெளியிட்ட மதிப்பெண் முறை, கோவையில் பிறந்து பல நாட்டு மருத்துவர்களால் பயன்படுத்தப்படும் முன்கணிப்புக் கருவியாகும்.

இது இறப்பைக் கணிப்பதன்று. கடுமையான திறந்த எலும்பு முறிவுக்குள்ளான கால், காப்பாற்றத்தக்கதா என்பதைக் கணிப்பது. எனினும் முதியவர் உயிரோடு இவ்வினாவுக்கு நெருங்கிய உறவு உண்டு. காப்பாற்ற முடியாத காலைக் காப்பாற்ற முயன்று, பல அறுவைகளுக்குப் பின் நச்சுக்குருதியில் உயிரையே இழக்கும் இடர் முதுமையில் மிகுதி.

தோல், எலும்பு, தசை நரம்புகள் ஆகிய மூன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண். உடன்நிலைகள் ஏழுக்கு ஒவ்வொன்றிற்கும் இரண்டு. 65க்கு மேற்பட்ட வயது, மருந்து உண்ணும் நீரிழிவு அல்லது இதய நுரையீரல் நோய், 90க்குக் கீழுள்ள மேல் இரத்த அழுத்தம், பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதம், சாக்கடை அல்லது கரிமப் பொருள்களால் காயம் மாசுபடுதல் ஆகியன அந்த ஏழில் அடங்கும். 109 கால் முறிவுகளில் இது சோதிக்கப்பட்டது. குறித்தன்மை 100 விழுக்காடு. அதுவரை வழக்கிலிருந்த அமெரிக்க 'மெஸ்' அளவைக்கு 17 விழுக்காடே. எதிர்மறை முன்கணிப்பு மதிப்பு மட்டும் 70 விழுக்காட்டில் நின்றது. அந்தப் பக்கத்து முடிவுகளில் பத்தில் மூன்று பிழைபடும் என்பது அதன் பொருள்.

இரு அளவைகளும் வயதை நடத்தும் முறை ஒப்பிடத்தக்கது. 1990ஆம் ஆண்டின் மெஸ் அளவையில் 50 வயதைக் கடந்தாலே வயதுக்கான முழு மதிப்பெண்ணாகிய இரண்டு சேர்ந்துவிடும். அங்கு ஏழு மதிப்பெண் கால் நீக்கத்தின் எல்லை. கோவை அளவையில் அதே இரண்டு மதிப்பெண் 65க்குப் பிறகே சேர்கிறது. 29 ஆகிய பெருமொத்தத்தில் அதன் எடையும் மிகச் சிறிது. 52 வயதில் தோட்டத்திலும் பட்டறையிலும் முழு வேலை செய்யும் ஒருவரை முதியவராக எண்ணாததை இவ்வளவையின் சிறப்புகளுள் ஒன்றாகவே கருத வேண்டும். அதே நேரத்தில் 90 என்னும் அழுத்த எல்லை முதியவர்க்குத் தாழ்வானது என்பதும் மேற்கூறிய களவழிகாட்டியோடு ஒப்பிடத் தெரியவரும்.

நலிவும் அதன் மொழிபெயர்ப்பும்

வலிமையைத் தனியே அளக்கும் முயற்சி கனடாவில் வேகம் பெற்றது. மொன்றியலில் ஜேன் மக்கஸ்கர் குழுவினர் 1999இல் வெளியிட்ட வினாநிரல், அவசரப் பிரிவுக்கு வரும் 65 வயதைக் கடந்தோரிடம் ஆறு 'ஆம், இல்லை' வினாக்களைக் கேட்டது. ஆலிபாக்சில் கென்னத் ராக்வுட் குழுவினர் 2005இல் வெளியிட்ட நலிவு அளவை, 2,305 முதியவர்களின் தரவிலிருந்து எழுந்தது. முதலில் ஏழு படிகள், பின்னர் ஒன்பது. நோய் வருமுன், ஏறக்குறைய இரு வாரங்களுக்கு முன், அவர் எவ்வாறு இருந்தார் என்பதே அதன் வினா. பரிமேலழகரின் பருவமும் வலிமையும் மீண்டும் பிரிந்து நின்ற இடம் இது எனலாம்.

ஆனால் இந்த அளவை பல ஆண்டுக்கால இறப்பை வைத்து ஆக்கப்பட்டது. அது குறுங்கால முடிவுக்கும் பின்னர் கைக்கொள்ளப்பட்டது. கோவிட் பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 மார்ச் 20 அன்று, இங்கிலாந்தின் 'நைஸ்' நிறுவனம் தீவிர சிகிச்சைக்கான வழிகாட்டியில் இவ்வளவையை அனைத்து வயதினர்க்கும் பரிந்துரைத்தது. மாற்றுத்திறனாளர் அமைப்புகள் எதிர்த்தன. ஐந்தே நாளில் அது திருத்தப்பட்டது. 65 வயதுக்குட்பட்டோர்க்கும், நிலையான நெடுநாள் இயலாமை உடையோர்க்கும், கற்றல் குறைபாடு, ஆட்டிசம் உடையோர்க்கும் பயன்படுத்தலாகாது என விலக்கு சேர்க்கப்பட்டது. நோயால் வந்த தளர்ச்சியையும் வாழ்நாள் முழுதும் உடனிருந்த இயலாமையையும் ஒன்றாக எண்ணியதே அங்கு நேர்ந்த பிழை.

கொங்குப் பகுதியில் வேறொரு சிக்கல். ராக்வுட் அளவையின் ஐந்தாம் படி, பணக் கணக்கு, தனியே கடைக்குச் செல்லுதல், சமையல், மருந்து எடுத்தல், போக்குவரத்து போன்ற செயல்களில் பிறர் உதவி தேவைப்படுவதை நலிவின் அடையாளமாகக் கொள்கிறது. வாழ்நாளில் வங்கிப் படியேறாத ஆத்தாவும், அடுப்பு மூட்டியறியாத அப்பாருவும் இவ்வினாக்களுக்கு முப்பது வயதிலேயே 'இயலாது' என்று விடை கூறியிருப்பர். அவர்களுக்கு அது வழக்கமும் குடும்ப வேலைப் பங்கீடும் சார்ந்தது. மாறாக, வலிமை குன்றிய முதியவரும் ஆடு மேய்க்கவோ பருத்தி எடுக்கவோ வறுமையால் தொடர்ந்து செல்வதுண்டு. 'போன மாசம் வரைக்கும் தோட்டத்துக்குப் போயிட்டுத்தான் இருந்தாருங்க' என்று மகன் கூறும் விடையிலிருந்து எந்தப் படியைக் குறிப்பது என்பது எளிய முடிவன்று. செயல்களின் பட்டியலை இவ்வூர் வாழ்விலிருந்து மீண்டும் தொகுக்காமல் சொற்களை மட்டும் தமிழாக்குவது போதாது.

வயது என்னும் தரவு

வயதை மட்டும் கொண்டால் சிக்கல் தீருமா என்றால், அத்தரவே உறுதியானதன்று. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன் பிறந்தோரில் பலரிடம் சான்றிதழ் இல்லை. இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அறுபது, அறுபத்தைந்து, எழுபது எனச் சுழியிலும் ஐந்திலும் முடியும் வயதுகள் குவிவதை மக்கள்தொகையியலார் நெடுங்காலமாகக் காட்டி வந்துள்ளனர். ஆதார் பதிவிலேயே பிறந்த நாளைச் சான்றுடையது, தாமே கூறியது, தோராயமானது எனப் பிரித்துக் குறிக்க வேண்டியிருந்தது. சாதகம் எழுதிய குடும்பங்களில் அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப்பெயர் கொண்டு வயதைச் சரியாகக் கூறிவிடலாம். பிறரிடம் கீழ்பவானி வாய்க்கால் வெட்டிய காலத்தில் நடக்கும் வயதா, பள்ளி செல்லும் வயதா என்று கேட்டே அணுக வேண்டும். 64க்கும் 66க்கும் இடையே இரண்டு மதிப்பெண் வேறுபாடு வைக்கும் எந்தக் கருவியும் இத்தோராயத்தின்மீதே நிற்கிறது.

இறப்பு எங்கே பதிவாகிறது

முன்கணிப்பின் மறுமுனையாகிய இறப்பும் இங்கு எளிதில் எண்ணத்தக்கதாக இல்லை. உயிர் வீட்டில் பிரிய வேண்டும் என்னும் விருப்பம் தமிழ்க் குடும்பங்களில் ஆழமானது. மருத்துவர் நம்பிக்கை தரவில்லை என்றதும் முதியவரை வீட்டுக்கு அழைத்துச் செல்வது இயல்பான நடைமுறை. செலவும் அதற்கு ஒரு காரணம். மருத்துவமனைப் பதிவேட்டில் அது 'மருத்துவ அறிவுரைக்கு மாறாக வெளியேறினார்' என்றோ 'வேண்டுகோளின்பேரில் அனுப்பப்பட்டார்' என்றோ நிற்கும். இறப்பு என்று நிற்காது. பதிவேட்டை மட்டும் கொண்டு ஓர் அளவையைச் சோதித்தால், இறக்கும் நிலையில் சென்றவர்கள் பிழைத்தோர் கணக்கில் சேர்வர்.

இதனினும் நுண்ணிய சிக்கல் ஒன்று உண்டு. மதிப்பெண் உயர்ந்திருப்பதைக் கண்டே குடும்பத்தினரிடம் நம்பிக்கையில்லை என்று கூறப்பட்டு, அவர்கள் அழைத்துச் சென்று, அங்கே இறப்பு நேர்ந்தால், அம்மதிப்பெண் சரியாகக் கணித்ததாகவே எண்ணப்படும். கணிப்பே முடிவை உண்டாக்கியிருக்கலாம் என்பதைப் பதிவேட்டால் பிரித்தறிய முடியாது. கணினியைப் பழைய தரவுகளால் பயிற்றி இடரைக் கணிக்கும் புதிய முறைகளுக்கும் இது பொருந்தும். எவரை முன்பு கைவிட்டோமோ அவரைப் போன்றவரை இனியும் கைவிடத்தக்கவராக அவை காட்டும். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று வழங்கி, 2023 சனவரியில் எளிமையாக்கிய தீர்ப்பு, உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்துவதற்கு மருத்துவக் குழுக்களையும் எழுத்துப் பதிவையும் கட்டாயமாக்கியது. வாசலில் ஆம்புலன்சு காத்திருக்க, நடைபாதையில் எடுக்கப்படும் முடிவு அந்நடைமுறையின் எல்லைக்குள் பெரும்பாலும் வருவதில்லை.

தமிழ்நாட்டில் 108 ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. அவசர மருத்துவம் தனி முதுநிலைப் படிப்பாக இந்திய மருத்துவக் குழுவின் ஏற்பை 2009இல் பெற்றது. சிவப்பு, மஞ்சள், பச்சை என வண்ணத்தால் வகைப்படுத்தும் முறை 2010களின் இறுதியில் அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவ முதுநிலைப் படிப்பு 1996இலேயே தொடங்கியிருந்தது. கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அவசர மருத்துவமும் முதியோர் மருத்துவமும் இவ்வாறு தனித்தனிப் பாதையில் வளர்ந்தமையால், இரண்டும் சந்திக்க வேண்டிய முதல் மணி நேரத்திற்கு இம்மண்ணின் முதியவர்களைக் கொண்டு ஆக்கிய அளவை இன்னும் வழக்கிற்கு வரவில்லை.

அத்தகைய அளவையை ஆக்க முனைவோர்க்குக் கங்கா மருத்துவமனை முறையின் பிற்கால வளர்ச்சியில் ஒரு முன்மாதிரி உள்ளது. 14 வரை காலைக் காக்கலாம், 17 முதல் நீக்கத்தைக் கருதலாம் என்று வரையறுத்த அம்மருத்துவர்கள், 15, 16 ஆகிய இரு எண்களையும் சாம்பல் நிறப் பகுதி என ஒதுக்கினர். அவ்விரு எண்களிலும் மதிப்பெண் பேசாது. அனுபவமிக்க மருத்துவர் குழு காயத்தையும், காயமுற்றவரையும், அவர் திரும்பிச் செல்ல வேண்டிய வாழ்வையும் நேரில் பார்த்து முடிவெடுக்கும்.